பின்பக்க மூடி

போன மாதம் மகளோடு டிவி வாங்கப் போயிருந்தேன். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது. கடைப் பையன் ஐம்பத்தைந்து இஞ்ச், ஃபோர்கே, ஓஎல்இடி என்று அடுக்கிக்கொண்டே வர, என் கால்கள் என்னைக் கேட்காமலே ஒரு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டன. "சார், படம் முன்னாடிதான் சார் தெரியும்" என்றான். நல்ல பையன், கேலியாகச் சொல்லவில்லை. பின்னால் பார்க்க ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரு கறுப்புத் தகடு, ஓரத்தில் நாலைந்து துளைகள், ஒரு ஸ்டிக்கர். மகள் என் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரியும், அப்பா யாரைத் தேடிப் போனார் என்று.

எதை வாங்கினாலும் முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி. கடை என்றால் எட்டுக்கு ஆறு அடி. மேஜையில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மீட்டர், ஈயமும் ரெசினும் கலந்து எரிகிற அந்த வாசனை. 1976-இல் அப்பா ரேடியோ வாங்குவது என்று முடிவு செய்தபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில், சீட்டு எடுத்த பணத்தில் வாங்குகிற ரேடியோ என்பதால் அது எங்கள் வீட்டுக் காரியமாக மட்டும் இருக்கவில்லை, தெருவே மூன்று வாரம் யோசித்தது. எதிர்வீட்டு அத்தை ஃபிலிப்ஸ் என்றாள். தபால்காரர், விரலை வாயோரம் வைத்துக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தைப் படத்துக்காகவே மர்ஃபிதான் வாங்க வேண்டும் என்றார். கையில் தூக்கிக்கொண்டு போகலாமே, டிரான்சிஸ்டர் வாங்குங்கள் என்று அம்மா மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் எல்லாரும் அண்ணாச்சி வாயைப் பார்த்தார்கள்.

"டிரான்சிஸ்டர்ல சத்தம் வரும் சார், கனம் வராது" என்று சொல்லிவிட்டு, யாரோ விற்கக் கொடுத்திருந்த ஒரு பழைய வால்வு செட்டை மேஜை மேல் தூக்கி வைத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். துளை போட்ட அட்டை மூடி, நாலு திருகு. மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து வந்தது சூடேறிய தூசியின் வாசனை. ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வால்வின் அடியிலும் ஒரு செந்நிற நூல் மெல்லப் பழுத்தது, கார்த்திகை விளக்கு ஒன்றிலிருந்து ஒன்று பற்றுவதுபோல. "எலே, எட்டி நில்லு, கரண்ட் அடிச்சிரும்" என்று என்னை விலக்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஸ்பீக்கரில் கரகரப்பு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் பற்றவைத்த இடங்களை டார்ச் அடித்துக் காட்டினார். பளபளவென்று இருந்தால் நல்ல பற்றவைப்பு. மங்கி, வெளிறி இருந்தால் அது டிரை சால்டர், இன்றைக்குப் பாடும், நாளைக்கு மழைக்காலத்தில் வாயை மூடிக்கொள்ளும். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் அப்பாவின் மனசைத் தொட்டிருக்க வேண்டும்: "இது கெட்டுப் போகும் சார். கெட்டுப் போனா நான் பார்ப்பேன்."

யோசித்துப் பார்க்கிறேன், அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அப்பா அந்தப் பெட்டியை வாங்கினார். எதை வாங்கலாம் என்று சொல்கிறவரும், அது பழுதானால் இரவு ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நம் வீட்டுப் படியேறி வருகிறவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. அவர் வாய்ச்சொல்லுக்கு அவர் தோள்தான் ஜாமீன். இன்றைக்கு ஒரு போன் வாங்குமுன் முகம் தெரியாத ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரங்களை நடுராத்திரி வரை எண்ணிப் பார்க்கிறோம், ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருவர்கூட நம் வீட்டுப் படி ஏறப் போவதில்லை.

ரேடியோவுக்கு அப்போது லைசென்ஸ் உண்டு என்று சொன்னால் என் மகள் இன்னமும் நம்புவதில்லை. தபாலாபீசில் சின்னப் புத்தகம் ஒன்று தருவார்கள், வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது எடுபட்டது. புத்தகத்தை அப்பா ரேடியோவுக்கு உள்ளேயே, பின்பக்க மூடியின் உட்புறத்தில் ஒரு நூலால் கட்டி வைத்திருந்தார். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வால்வு சூடாகும் வரை அம்மா காபி ஆற்றுவாள். எங்கோ ஆழத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி இலங்கை வானொலி வரும். பொங்கும் பூம்புனல் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவிய தலைமுறை நாங்கள். அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் அப்துல் ஹமீதின் நிதானத்தையும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் காட்டாத பையன் எங்கள் தெருவில் இல்லை. உங்கள் தெருவிலும் இருந்திருக்க மாட்டான்.

ஆச்சி ஊரில் மட்டும் டிரான்சிஸ்டர். அதன் எவரெடி செல்கள் சோர்ந்துபோனால் தூக்கிப் போடமாட்டாள். முறத்தில் வடகம் காயும், வடகத்துக்குப் பக்கத்தில் இரண்டு செல்களும் காயும். வெயில் பட்டதும் உள்ளே மிச்சமிருந்த வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாகும், இன்னும் இரண்டு நாள் பாட்டு கிடைக்கும். ஆச்சிக்கு வேதியியல் தெரியாது. சோர்ந்த எதற்கும் கொஞ்சம் வெயில் காட்ட வேண்டும் என்பது தெரியும்.

துபாயிலிருந்து மாமா, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் கொண்டுவந்த வருஷம் நான் பத்தாவது. அதோடு இன்னொரு தேர்வு வந்து சேர்ந்தது: கேசட்டில் அறுபதா, தொண்ணூறா? தொண்ணூறு நிமிஷ கேசட்டில் கூடுதலாக ஆறேழு பாட்டு அடங்கும், ஆனால் அதே சின்னக் கூட்டுக்குள் நீள நாடாவை அடைக்க நாடாவையே மெல்லிசாக்கியிருப்பார்கள், சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். அறுபதே போதும் என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறு ஆறு பன்னிரண்டு பாட்டை ஒரு தாளில் எழுதி, பாட்டுப் பதிகிற கடையில் கொடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இனிக்கிறது. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் பாட்டுப் பட்டியல்தான். வாரம் கழித்துப் போய் வாங்கினால், பக்கத்தின் கடைசியில் மிஞ்சிய மூன்று நிமிஷத்தைக் கடைக்காரர் வீணாக்காமல், தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பதிந்து வைத்திருப்பார். நான் கேட்காத பாட்டு. முதல் தடவை எரிச்சலாக இருக்கும், பத்தாவது தடவை அதற்காகவே கேசட்டைத் திருப்பிப் போடுவேன். என் வாழ்நாளில் எனக்கு மிகப் பிடித்த பாட்டுகள் நாலைந்து அப்படி வந்து சேர்ந்தவைதான். இப்போதும் ஒரு செயலி எனக்கு அடுத்தடுத்துப் பாட்டு எடுத்து வைக்கிறது, ஆனால் அது எனக்கு ஏற்கனவே பிடித்ததைப் பார்த்துப் பார்த்து வைக்கிறது. அந்த மனிதர் தனக்குப் பிடித்ததைத் தந்தார்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்துவிட்டது, எங்களுக்கு அது பேப்பரில் படித்த செய்தி மட்டுமே. தெற்கே எங்களுக்கு முதலில் படம் காட்டியது இலங்கை. 1982-இல் ரூபவாஹினி தொடங்கியதும் கடலோர ஊர்களில் தென்னைக்குப் போட்டியாக ஆன்டெனாக் கம்பங்கள் முளைத்தன. மெட்ராஸில் தயாரான கறுப்பு வெள்ளை டிவியில், கொழும்புக்காரர்களுக்காக எடுத்த சிங்கள நாடகத்தை, ஒரு சொல்லும் புரியாமல், பாளையங்கோட்டை வீடு ஒன்றில் நாற்பது பேர் கண்ணிமைக்காமல் பார்த்தோம். மொட்டைமாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, ஜன்னலில் ஒருவர் நின்று அஞ்சல் செய்ய, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டம் "வந்துட்டு, வந்துட்டு, ஐயோ போயிட்டு!" என்று கத்தும். காற்று மாறினால் படம் மாறும். படம் தெளிந்த ஒரு கணத்தில் அந்தத் தெருவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்குக் கடை டிவியில் அந்த மயிலின் ஒவ்வொரு இறகையும் எண்ணிவிடலாம்போல் தெரிகிறது. அதைப் பார்த்து நான் மூச்சைப் பிடிக்கவில்லை, அதுதான் வருத்தம்.

பிழைப்புக்கு வந்த கருவியின் கதையும் இதேதான். கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை போட 1988-இல் பழைய தமிழ் டைப்ரைட்டர் தேடினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, நூற்றுக்கணக்கான நம் எழுத்துருவங்களை அந்தச் சின்ன விசைப்பலகைக்குள் அடக்க ஒரு வழி கண்டார்: சில விசைகள் நகராது. புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், காகிதம் அசையாமல் காத்திருக்கும், அதன்பின் க அடித்தால் க் ஆகிவிடும். மெஷின் பார்க்க வந்த மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் சோதித்தார். ஒரு வரி முழுக்க க் க் க் என்று அடித்து, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "புள்ளி தலைக்கு நேரா உட்காரணும் தம்பி, தோள்ல உட்கார்ந்தா மெஷின் விழுந்து அடிபட்டிருக்கு" என்றார். அப்புறம் ரோலர் ரப்பர் இறுகிப்போயிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தார். அந்த மெஷின் பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்டது.

பிறகு கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. விசைப்பலகை மட்டும் டிவிஎஸ் கோல்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன், டைப்ரைட்டர் பழகிய விரலுக்கு அந்தத் தட்டல் சத்தம் துணையாக இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைமுறை வந்தது. ஆனாலும் பல வருஷம் எழுத்துருக்களோடு பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு ஃபான்ட்டில் அடித்த பத்திரத்தை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் குறியும் கோடுமாகக் கிடக்கும், பத்திரத்தோடு ஃபான்ட்டையும் ஃப்ளாப்பியில் சுமந்துகொண்டு அலைவேன். யூனிகோட் வந்து அந்தத் துயரத்தைத் துடைத்தது. இதற்காக நான் இந்தக் காலத்துக்கு மனசாரக் கடன்பட்டிருக்கிறேன். இப்போது போனைப் பார்த்துப் பேசினாலே தமிழில் எழுதிவிடுகிறது. எண்பத்தாறு வயது அம்மா, கண் மங்கிய பிறகும், போனைப் பார்த்துப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அண்ணாச்சி கடைக்கு நல்ல வேலை கடைசியாக வந்தது, 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவிகளால்தான். அதற்குப் பிறகு டிவி தட்டையாகிவிட்டது. உள்ளே ஒரே ஒரு போர்டு. எது பழுது என்று தேட வேண்டியதில்லை, போர்டை மாற்று என்றார்கள், போர்டின் விலைக்குப் புது டிவி வாங்கலாம் என்றார்கள். மகளின் பழைய டிவியில் படம் இன்னமும் தெளிவாகத்தான் வருகிறது. அதற்குள் இருக்கிற மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள், செயலிகள் திறப்பதில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு பொருளை வீட்டைவிட்டு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

மகள் தேர்ந்தெடுத்த புது டிவி வந்து சேர்ந்த மறுநாள், அம்மா பரணிலிருந்த பழைய ரேடியோவைக் கேட்டாள். பாட்டு கேட்க இல்லை, அந்தப் பச்சை டயல் எரிவதைப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி போய் ஒன்பது வருஷமாகிறது. அதே எட்டுக்கு ஆறு அடியில் அவர் மகன் போன் ரிப்பேர் செய்கிறார், ஒட்டி மூடிய போன்களைச் சூடு காட்டிப் பிரிக்கிறார். ரேடியோவை மேஜையில் வைத்ததும் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு, ஒன்றும் கேட்காமல் பின்பக்கத்தைத் திருப்பினார். நாலு திருகு. மூடியின் உட்புறத்தில் அப்பா கட்டிய நூல், நூலில் லைசென்ஸ் புத்தகம். அதற்குக் கீழே பென்சிலில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகத் தேதிகள்: வால்வு மாற்றியது, டயல் நூல் மாற்றியது, கண்டன்ஸர் இரண்டு. கடைசித் தேதி 12.6.84.

அவர் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா கையெழுத்து அண்ணே" என்றார். நான் தலையாட்டினேன். கண்டன்ஸர் உப்பிப்போயிருந்தது, மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. பொருத்தி, வால்வுகள் பழுத்து, கரகரவென்று ஏதோ ஒரு ஊர் பேசத் தொடங்கிய பிறகு, மூடியைப் பூட்டப் போனவர் நிறுத்திவிட்டு மேஜை இழுப்பறைக்குள் பென்சிலைத் தேடினார்.