ஃபயர்வால் பரிபாலனம்

வீட்டு ரவுட்டரில் இருக்கும் ஃபயர்வால் பெரும்பாலும் விதிகளை மேலிருந்து கீழாக வாசிக்கும். முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. உச்சியில் 'எல்லாரையும் விடு' என்று ஒரு வரி இருந்தால், கீழே கண்விழித்து எழுதிய தடைகள் அத்தனையும் கையெழுத்துப் பயிற்சிதான். அந்த வரி 'சும்மா டெஸ்டுக்கு' வந்தது. தற்காலிகம் என்று வந்தது எதுதான் திரும்பிப் போயிருக்கிறது?

இன்னொரு கட்சி, கேமராவுக்காகப் போர்ட்டைத் திறக்கப் போராடும். விதியை மாற்றுவார்கள், பெட்டியை அணைத்துப் போடுவார்கள், ஃபயர்வாலைத் திட்டுவார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதா என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். அந்த இடைவெளியில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. நாம் அறைக்கதவைத் திறந்து என்ன பயன்? தெருக்கதவுச் சாவி அவர்களிடம்.

இதற்கிடையில், யூபிஎன்பி வசதி வீட்டுக்குள்ளிருந்து எந்தச் சாதனம் கேட்டாலும், யாரையும் கேட்காமல் போர்ட்டைத் திறந்துவிடும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லோ இன்னமும் 'அட்மின்'. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த இத்தகைய கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. எதையும் உடைக்கவில்லை, முறைப்படி லாகின் செய்துதான் உள்ளே வந்தது.