கொஞ்சம் ஒதுங்குங்க, தெருவை எடுக்கணும்

ஞாயிறு விடியற்காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டிக்கு நிற்கிறவர்களில் கையில் மஞ்சள் துணி முடிச்சோ வாயில் கோவிந்த நாமமோ இல்லாத ஆள் ஒருவர் இருப்பார். 'சோலோ போட்டோ வாக்' போகிறவர். பழைய திருப்பதியின் சந்துகளைத் தன்னந்தனியாக நடந்து படம் பிடிப்பது அவர் விரதம்.

சித்தூரில் எடுக்க ஒன்றும் இல்லை என்பார். 1911 வரை வடஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகராக இருந்த ஊர் அது. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலை வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்; டிரைவர்கள் அடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள். அதையெல்லாம் படம் பிடிக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வருவார். அவருக்குச் சென்னையில் எடுக்க ஒன்றும் இல்லை.

திருப்பதியில் இறங்கியதும் நம்மவர் பேரி வீதி, தீர்த்தக்கட்ட வீதி என்று நுழைவார். கார்த்தியே-பிரெசோன்தான் குலதெய்வம். 1950இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் படம் பிடித்தவர். தெருவில் யார் கண்ணிலும் படாமலிருக்க, பளபளக்கும் தன் லைக்கா கேமராவைக் கறுப்பு டேப்பால் மூடிக்கொண்டவர். பக்தர் அதே வழியில்தான் போகிறார்: இடுப்பில் பை, முதுகில் பை, கழுத்தில் கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர் போட்ட மஞ்சள் வார், உடம்பெல்லாம் ஜேபி வைத்த மேல்சட்டை. கங்கம்மா ஜாத்திரைக்கு ஆண்கள் விதவிதமாக வேஷம் கட்டுகிற ஊர். "ஜாத்திரைக்கு இன்னும் நாள் இருக்கே சார்?" என்று ஒரு பையன் அக்கறையாகவே கேட்டான்.

அவர் பாழாய்ப்போன திண்ணை, துருப்பிடித்த பூட்டு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் ஆகியவற்றைத் தேடுவார். புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டுக்காரர் அவரைப் பொறுத்தவரை கலாசாரத் துரோகி. திண்ணைக்காரர்களுக்கோ இவரைப் பார்த்தால் வேறு கவலை. குந்திக் குந்தி வாசற்படியை எடுக்கிறாரே, கார்ப்பரேஷன் ஆளாக இருக்குமோ? தெருவுக்குள் ஒன்றரை அடி நீண்ட படி அவசரமாகக் கோலமும் பூந்தொட்டியும் பெறும். மனைவியை விட்டு, "காப்பி சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்கச் சொல்வார்கள். மக்களின் வெள்ளை மனசு என்று உருகியபடி சார் குடிப்பார்.

தனிமைதான் கிடைக்காது. 1130இல் ராமானுஜர் கோவிந்தராஜரை இங்கே பிரதிஷ்டை செய்தார் என்பார்கள். அன்று கூடிய கூட்டம் இன்னும் கலையவில்லை. மட்ல அனந்தராஜர் கட்டுவித்த ஏழு நிலைக் கோபுரம் சட்டத்துக்குள் அடங்காமல், சார் ரோட்டில் மல்லாந்து படுத்து ஃபோகஸ் செய்யும் நேரம் பார்த்து மொட்டைக் குடும்பம் ஒன்று வந்து நிற்கும். சந்தனம் காயாத தலைகள், தாத்தா முதல் கைக்குழந்தை வரை.

"அண்ணா, எங்கள ஒண்ணு எடுங்கண்ணா. கோபுரம் ஃபுல்லா வரணும்."

"நான் போஸ் கொடுக்கிறவங்களை எடுக்கிறதில்லைங்க. கேண்டிட்தான்."

"சரிங்கண்ணா, அதுவே போடுங்க. எவ்வளவு?"

ஊரில் அசையாமல் நிலையாகப் போஸ் கொடுப்பவர் கோயிலுக்குள்ளே கிடக்கிற கோவிந்தராஜர் ஒருவர்தான். மலைமேல் இருக்கும் தம்பியின் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனை அடைக்கக் காசு அளந்து அளந்து அலுத்து, மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார் என்பது ஊர்க்கதை. வெளிச்சமும் பிரமாதம், எண்ணெய் விளக்கு. சந்நிதியில் கேமரா கூடாது.

எடுத்த படமெல்லாம் இரவு வீட்டில் கறுப்பு-வெள்ளையாகிவிடும். மஞ்சளும் குங்குமமும் கதம்ப மாலையுமாகக் கண்ணைப் பறிக்கிற ஊரைச் சாம்பலாக்கினால்தான் அவருக்கு ஆழம் தெரியும். போன வாரம் போட்டதன் தலைப்பு 'ஆளரவமற்ற வீதி'. நானும் அன்று அங்கே இருந்தேன். சட்டத்துக்கு வெளியே, ஒதுங்கச் சொன்ன பக்கத்தில், இரண்டு ஆட்டோ, ஒரு பால்காரர், துளசி மாலை விற்கும் அம்மா, என்னோடு சேர்த்து பதினைந்து பேர். அந்த அம்மாதான் பொறுமை இழந்தார்.

"சாமி, தெருவை எடுத்தாச்சுன்னா திருப்பிக் குடுங்க. வியாபாரம் பாக்கணும்."