மாவுக்கோழியா, மாவு கோழியா?

உடல் இளைக்க விரும்புவோர் நடுவே ஒரு சொற்சிக்கல் தீராமல் கிடக்கிறது. ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் உறைந்திருக்கிறதே சிக்கன் நகெட், ரொட்டித்தூள் போர்த்திய துண்டு, அது என்ன தொகை? ஆய்வின் வசதிக்காக அதற்கு ‘மாவுக்கோழி’ என்று பெயரிடுகிறேன். (‘ரொட்டித்தூட்கோழி’ என்பதே இலக்கணச் சுத்தம். ஆனால் சொல் வாயில் நுழையவில்லை. பொருள் மட்டும் தடையின்றி நுழைகிறது.)

முதலில் எதிர்க்கட்சியின் வாதம். டயட்டில் இருப்பவர்கள் இச்சொல்லைப் ‘பொற்குடம்’ போலப் பிரிக்கிறார்கள். பொன்னால் ஆகிய குடம். மாவால் போர்த்திய கோழி. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இப்படிப் பிரித்தால் கோழி தலைமைப் பொருள், மாவு வெறும் அடைமொழி. கோழி என்றால் புரதம். புரதம் என்றால் டயட். ஆகவே இன்னும் நாலு வைக்கலாம். ஆறு மாதம் இந்தக் கட்சிக்கு என் வீட்டில் நான்தான் தலைவர், தொண்டரும் நானே.

வரலாறு வேறு சொல்கிறது. 1863இல் லண்டனில் இறுதிச்சடங்குத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங், தாம் இளைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். ரொட்டியை விடு, இறைச்சியைத் தின் என்பது அவர் கண்ட வழி. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1963இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேக்கர் என்ற பேராசிரியர், நகெட்டின் முன்னோடியான உறையவைத்த கோழிக்குச்சியைச் செய்துகாட்டினார். உறைந்தாலும் பொரித்தாலும் மாவு கோழியை விட்டு உதிரக் கூடாது என்பதே அவருடைய கவலைகளில் ஒன்று. காப்புரிமையும் வாங்காமல் ஊருக்கே செய்முறையைக் கொடுத்துவிட்டார். பான்டிங் பிரித்துவைத்ததைப் பேக்கர் சேர்த்துவைத்தார். பேக்கர் என்ற சொல்லுக்கே ரொட்டி சுடுபவர் என்றுதான் பொருள். இந்தப் பெயர்ப்பொருத்தத்தை ஜோதிடர்கள் கவனிக்காதது வியப்பு.

இனிச் சான்று. மூலபாடம் பொட்டலத்தின் பின்புறத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. முன்புறத்தில் இருப்பதெல்லாம் இடைச்செருகல். வேகவைத்த தோலில்லாத நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 165 கலோரி, 31 கிராம் புரதம். அதே எடை நகெட்டில் பொதுவாக 250 முதல் 300 கலோரி. புரதமோ அந்த 31 கிராமில் பாதிகூடத் தேறுவது அரிது. தலைமைப் பொருள் என்று நாம் மாலை போட்ட கோழி, தன் வீட்டிலேயே பங்காளியாக உட்கார்ந்திருக்கிறது.

“நான் ஏர் ஃப்ரையரில்தான் செய்கிறேன், சொட்டு எண்ணெய் இல்லை” என்பார் ஒரு சாரார். இவர்களுக்கு வேற்றுமைத்தொகை பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். தொகையில் உருபு வெளியே தெரியாது; ஆனால் பொருளில் இருக்கும். நகெட்டைத் தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் போட்டெடுத்து, பிறகுதான் உறையவைக்கிறார்கள். ஆகவே எண்ணெய் தொக்கி நிற்கிறது. ஏர் ஃப்ரையர் மேற்கொண்டு எண்ணெய் ஊற்றாமல் காக்கும். வந்த எண்ணெயை வந்த வழியே அனுப்பாது.

ஆக, என் முடிபு: இது உம்மைத்தொகை. மாவும் எண்ணெயும் கோழியும்.

இதில்தான் நம் வீட்டுத் தட்டின் குழப்பம் இருக்கிறது. நமக்குத் தட்டில் இரண்டே சாதி: சோறு, தொட்டுக்கொள்ள. கோழி என்ற பெயரைக் கேட்டதும் நகெட்டைத் தொட்டுக்கொள்ளும் பக்கம் தள்ளிவிட்டு, சாம்பார் சாதத்துக்கு ஆறு, ரசம் சாதத்துக்கு நாலு என்று போகிறோம். அதுவோ தன் சோற்றைத் தானே மேலே சுற்றிக்கொண்டு வந்த கட்டுச்சோறு. கட்டுச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு கேட்பவர் உண்டா? 20 கிராம் அளவில் ஆறு துண்டு என்றால் சுமார் 330 கலோரி. கூட வெள்ளரிக்காயும் முட்டைக்கோஸ் பொரியலும் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது, டயட்டும் தப்பித்தது. ஒரு கப் சோறும் ஒரு மேசைக்கரண்டி மயோனைஸும் சேர்ந்தால் இன்னும் 300 கூடும். மயோனைஸைப் பற்றித் தனி நூலே எழுதலாம். எழுத மாட்டேன், பசிக்கும்.

இந்த முடிபை இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். கேட்டு முடித்த மனைவி, “அப்போ இன்னிக்கு உங்களுக்குச் சாதம் வேண்டாம், அப்படித்தானேங்க?” என்று சட்டியை நகர்த்தினாள். புலமைக்கு வீட்டில் இவ்வளவு உடனடியான மதிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘மாவுக்கோழி’ தவறு. ‘மாவு கோழி’ என்றே எழுத வேண்டும், நடுவிலுள்ள ‘க்’ விழ வேண்டும். மூன்று வார ஆய்வில் இதுவரை குறைந்த எடை அது ஒன்றுதான்.