பூவுக்குக் கணக்கு உண்டு

மே மாதக் கோடை விழாவென்றால் ஏற்காடு அண்ணா பூங்காவில் மலர்ச் சிற்பங்கள் எழும்பிவிடும். எந்த உருவத்துக்கு எத்தனை ஆயிரம் பூ, தொட்டிகள் எத்தனை என்பதெல்லாம் நாளிதழில் அச்சாகும். இந்த எண்ணும் அக்கறை கொஞ்சம் ரூபாய் பக்கமும் திரும்பினால் சேர்வராயன் மலையே சிலிர்த்துப்போகும். சேலத்திலிருந்து ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக்கூட எண் போட்ட ஊரல்லவா!

பூ வாடிவிடும், பில் வாடாது. கோப்பில் பத்திரமாகத் தூங்கும். துறைகள் தம் வரவு செலவை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. கேட்டே வாங்க வேண்டுமென்றாலும் கட்டணம் வெறும் 10 ரூபாய்தான். மே 1 அன்று கிராம சபையும் கூடுகிறது. டீ வருவதற்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவையுங்கள், மலைக்காரர்களே.