விற்காத செட்டியார் பொம்மை

கேள்வி: நவராத்திரி முடிந்தும் விற்காமல் நின்ற கொலு பொம்மைகளை, பரணில் ஏற்றுவதைத் தவிரக் கடைக்காரர் வேறென்ன செய்யலாம்?

பதில்: பருவச் சரக்கு, அதாவது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கேட்பாருள்ள பொருள், விஜயதசமிக்கு மறுநாளே முடங்கிய முதலாகிவிடுகிறது, போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையும் அதையொட்டியே தொடங்குவதால், மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் பரணில் ஈரம் குடித்து வண்ணம் உதிர்க்கின்றன. ஆனால் தீபாவளி 20 நாள்களுக்குள் வந்துவிடுகிறது என்பதால், பொம்மைகளுக்கு ஓய்வு கொடுக்காமல், பண்டிகை விற்பனைக்குத் தயாராகும் பிற கடைகளின் காட்சிக்குப் பணியிட மாற்றம் கொடுப்பதே உத்தமம். மணமக்கள், புரோகிதர், நாதஸ்வரக்காரர் அடங்கிய கல்யாண செட், பட்டுச்சேலைக் காட்சிப்பெட்டிக்கென்றே பிறந்தது. மரப்பாச்சி எனப்படும் மரப்பொம்மை இணைக்கு, வெட்டியதில் எஞ்சிய துண்டுத் துணியைக் கொசுவம் வைத்து, சரிகைக்கரை பாதத்தில் படும்படி உடுத்திவிட்டால், ஆளுயரப் பொம்மையைக் கண்டுகொள்ளாமல் நடப்பவரும் குனிந்து பார்ப்பார். மளிகைக்கடைக்கோ, அரிசியும் பருப்பும் பரப்பி மனைவியுடன் அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மையைவிடப் பொருத்தமான விளம்பரதாரர் கிடையாது. தாம் விலைபோகாவிட்டாலும் அடுத்தவர் சரக்கை விற்றுக்கொடுக்கும் பெருந்தன்மை அவருக்கு உண்டு. தசாவதாரத் தொகுப்பில் ஓர் அவதாரம் உடைந்தால் மற்ற ஒன்பதும் சேர்ந்து விலையிழக்கும் என்பது உண்மையே. அதற்காக, எஞ்சிய மச்சாவதாரத்தைக் கருவாட்டுக் கடைக்குக் காட்சிப்பொருளாகக் கொடுக்கத் துணிபவர், கடைக்கண்ணாடிக்கு முதலில் காப்பீடு எடுத்துக்கொள்வது நலம்.