ஈரலுக்கும் நாக்கு உண்டு

கே: ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ரீடல் லோப்' என்று இருக்கிறது. கூகுளில் தேடிப் பாதி உயிர் போய்விட்டது. மீதியையாவது காப்பாற்றுங்கள்.

ப: மீதியும் பத்திரம்தான். கல்லீரலின் வலது மடல் நாக்குபோல் கீழே நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு இடுப்பெலும்பு வரைகூட இறங்கும். 1888-ல் ஜெர்மன் சர்ஜன் பெர்ன்ஹார்ட் ரீடல் எழுதிவைத்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரே சங்கடம், வயிற்றை அமுக்கிப் பார்க்கிற டாக்டர் கட்டி என்று நினைத்துவிடலாம். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கூகுளை மூடிவிடுங்கள்.

கே: மாமாவின் மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து, 'குடலில் ஓட்டையோ' என்று பதறினார்கள். சி.டி. எடுத்ததும் 'வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். என்ன கூத்து இது?

ப: கூத்தாடியது பெருங்குடல். ஈரலைப் பிடித்து நிறுத்துகிற லிகமென்ட்டுகள் மூட்டில் இருப்பவை மாதிரி முரட்டு நார்கள் அல்ல. வயிற்றுறையின் மெல்லிய மடிப்புகள். அவை பிறவியிலேயே தளர்ந்தோ, இல்லாமலோ இருந்தால், ஈரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் பெருங்குடல் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலுள்ள வாயு, ஓட்டை வழியாகக் கசிந்த காற்று போலவே படத்தில் தெரியும். 1910-ல் வியன்னாவில் கிலைடிட்டி என்ற டாக்டர் இப்படி மூன்று பேரைப் பற்றி எழுதினார். உற்றுப் பார்த்தால் அந்தக் காற்றுக்குள் குடலின் மடிப்புகள் தெரியும். கசிந்த காற்றுக்கு ஏது மடிப்பு? தொந்தரவு இல்லையென்றால் வைத்தியமும் வேண்டாம். ஆனால் ஈரலில் ஊசி போட்டு பயாப்ஸி எடுக்க வந்தால், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: சிர்ரோசிஸில் ஈரல் சுருங்கினாலும் குடலுக்கு அங்கே இடம் கிடைக்கும். மாமா குடிப்பவரா என்று அத்தையிடம் தனியாகக் கேளுங்கள்.

கே: ஈரல் இடப்பக்கம் இருப்பவர்கள் உண்டா?

ப: உண்டு. சைட்டஸ் இன்வெர்சஸ்காரர்களுக்கு உள்ளுறுப்புகள் அத்தனையும் இடம் வலமாக மாறியிருக்கும். மோலியரின் 1666-ஆம் ஆண்டு நாடகத்தில் ஒரு போலி டாக்டர், இதயம் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம் என்று உளறுவான். இவர்கள் நோயாளியாகப் போயிருந்தால் பெரிய நிபுணன் ஆகியிருப்பான்.

கே: எல்லாவற்றுக்கும் 'ஒன்றுமில்லை' என்கிறீர்களே, ஆபத்தானதே கிடையாதா?

ப: ஏன் இல்லை? ஈரலின் முன்பக்கம் அரிவாள் வடிவில் ஒரு மடிப்பு உண்டு. மிக அரிதாகச் சிலருக்கு அதில் பிறவித் துளை இருக்கும். சிறுகுடல் அதற்குள் நுழைந்து இறுகினால் கடும் வலி, வாந்தி, உப்புசம். விட்டால் குடல் அழுகிவிடும். ஆபரேஷன்தான் வழி. குடலை விடுவித்து, துளை மிஞ்சாதபடி மடிப்பையே வெட்டிவிடுவார்கள். அது போனாலும் ஈரல் கழன்று விழாது. ரத்தக்குழாய்களும் மற்ற மடிப்புகளும் பிடித்துக்கொள்ளும்.