முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும்

(டெல்லி, மயூர் விஹார். மத்திய அரசுக் கொள்முதல் பிரிவில் காலமெல்லாம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர் பெரியப்பா. தம்பி மகள் கோவையில் சிறு நிறுவனம் நடத்துகிறாள். மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லும் கருவி செய்கிறாள். பாரத் மண்டபத்தில் ஸ்டார்ட்அப் மகாகும்பம் முடிந்து நேரே வந்திருக்கிறாள்.)

பெரியப்பா: வா கண்ணு. கும்பத்துல முங்கி எந்திரிச்சாச்சா? கையில என்ன பை?

மகள்: ஒரு சால்வை, ஒரு கேடயம், ஒரு சான்றிதழுங்க பெரியப்பா. அப்புறம் பெரிய அதிகாரி ஒருத்தரோட செல்ஃபி.

பெரியப்பா: ஆர்டர்?

மகள்: அதைத் தவிர எல்லாம் குடுத்தாங்க.

பெரியப்பா: சலிச்சுக்காதே. ஸ்டார்ட்அப் இந்தியா 2016 ஜனவரியில ஆரம்பிச்சது. முதல் ஒன்பது வருஷத்துலயே அங்கீகாரம் வாங்கின கம்பெனி ஒண்ணரை லட்சத்தைத் தாண்டிருச்சு. ஆளுக்கு ஒரு சால்வைன்னா கணக்குப் போடு. உன்னால கசிவு நிக்குதோ இல்லையோ, நெசவாளி பிழைப்பான்.

மகள்: சட்டம் எங்க பக்கம் இருக்குதுங்களே! 2017 பொது நிதி விதிகள். 170-ஆம் விதிப்படி நாங்க டெண்டருக்கு இ.எம்.டி.ங்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். 173-படி முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனையெல்லாம் எங்களுக்குத் தளர்த்தலாம்.

பெரியப்பா: யாரு இல்லைன்னா? ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ரெண்டையும் ஒப்பிப்பேன்.

மகள்: அப்ப இந்த டெண்டரைப் பாருங்க. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்துல வந்தது. ‘ஸ்டார்ட்அப்புக்கு அனுபவம், விற்றுமுதல் விலக்கு உண்டா?’ன்னு ஒரு கட்டம். எதிர்ல, ‘இல்லை’.

பெரியப்பா: வாங்குற ஆபீஸ் நிரப்புற கட்டம் அது. ‘ஆம்’னு போட்டா நாளைக்கு ஒருத்தன் வந்து ஏன்னு கேப்பான். ‘இல்லை’ன்னு போட்டா ஒரு பயலும் கேக்க மாட்டான். என் சர்வீஸ்ல ‘ஏன் வாங்கினே’ன்னு வந்த மெமோவை எடைக்குப் போட்டிருந்தா இந்த ஃபிளாட்டுக்குக் கடனே வாங்கியிருக்க வேண்டாம். ‘ஏன் வாங்கலை’ன்னு ஒரு மெமோ? யாருக்கும் வந்து பார்த்ததில்லை.

மகள்: நல்ல கருவியை வாங்குறதுல என்னங்க பயம்?

பெரியப்பா: ஊழல் தடுப்புச் சட்டத்துல முன்னே ஒரு பிரிவு இருந்தது. நீ ஒரு பைசா வாங்கியிருக்க வேண்டாம். உன் முடிவால பொதுநலன் இல்லாம இன்னொருத்தனுக்கு லாபம் போச்சுன்னா போதும், நீ குற்றவாளி. நிலக்கரித் துறைச் செயலாளரா இருந்த எச்.சி. குப்தாவுக்குத் தண்டனை வந்தப்ப, டெல்லி ஆபீஸ்கள்ல பாதிப் பேனா மூடிருச்சு. 2018-ல சட்டத்தைத் திருத்தி அந்தப் பிரிவை எடுத்துட்டாங்க. பேனா மூடி இன்னும் திறக்கலை.

மகள்: சரி, எங்களுக்கு விலக்கு ‘இல்லை’ன்னு போட என்ன காரணம் சொல்லுவாங்க?

பெரியப்பா: காரணம் ரெடியா இருக்கு. பொதுமக்கள் பாதுகாப்பு, சுகாதாரம், முக்கியமான பாதுகாப்புப் பணி, இந்த மாதிரி விஷயத்துல அனுபவசாலியைத்தான் எடுப்போம்னு சொல்ல நிதியமைச்சகமே 2016-ல இடம் விட்டிருக்கு.

மகள்: எங்களுது வெறும் குழாய்க் கசிவுதானுங்களே.

பெரியப்பா: குழாயில ஓடுறது குடிதண்ணி, சுகாதாரம். கசிஞ்சா ரோடு உள்வாங்கும், பொதுமக்கள் பாதுகாப்பு. அந்தக் குழாய் நாடாளுமன்றப் பக்கம் சன்சத் மார்க் வழியாப் போச்சுன்னு வை, தேசப் பாதுகாப்பு. நீ பென்சில் செஞ்சிருந்தா ஒருவேளை தளர்த்தியிருப்பாங்க.

மகள்: விலக்கை விடுங்க. எங்க கருவியை உலகத்துல வேற யாரும் இந்த விலைக்கு, இந்த மாதிரி செய்யறதில்லை. அதுக்காகவாவது நேரா வாங்கலாமில்ல?

பெரியப்பா: ஐயோ, அதை எந்த ஆபீஸ்லயும் வாய்விட்டுச் சொல்லிடாதே. ஒருத்தர்தான் செய்யறாங்கன்னா அது ஒற்றை டெண்டர். ‘இவங்களை விட்டா வேற ஆள் கிடையாது’ன்னு ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு சான்றிதழ் தரணும், அதுக்கு நிதிப் பிரிவு தலையாட்டணும். அந்தக் கையெழுத்தைப் போடறவன் பென்ஷன் வாங்கற வரைக்கும் சரியாத் தூங்க மாட்டான்.

மகள்: அப்ப எங்களை மாதிரி மூணு பேர் செஞ்சா?

பெரியப்பா: பிரமாதம், போட்டி டெண்டர். ஆனா மூணு பேர் செய்யறது எப்படிம்மா புதுக் கண்டுபிடிப்பாகும்?

மகள்: புதுசா இருந்தா வாங்க முடியாது, வாங்க முடிஞ்சா புதுசு இல்லை!

பெரியப்பா: இதைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு புரமோஷன் ஆச்சு. இன்னும் கேளு. போட்டின்னு வந்தா ‘கசிவு கண்டறியும் சாதனம்’னு டெண்டர் விடுவாங்க. நம்ம லைன்மேன் ராத்திரியில இரும்புக் கம்பியை ரோட்டுல ஊன்றி, மறுமுனையைக் காதுல வச்சுக் கேப்பான், பார்த்திருக்கியா? அதுவும் கசிவு கண்டறியும் சாதனம்தான். கம்பிக்காரன் எல்-ஒன், அதான் குறைஞ்ச விலைக்காரன், ஆயிருவான்.

மகள்: கம்பியும் எங்க கருவியும் ஒண்ணுங்களா?

பெரியப்பா: விலைப்பட்டியல்ல ரெண்டும் ரெண்டு எண், அவ்வளவுதான். எது சின்ன எண்ணோ அதுக்குத்தான் ஆர்டர். தரத்துக்கும் மார்க்குப் போடலாம்னு 2021-ல உத்தரவு வந்தது, அதுவும் கட்டுமான வேலைக்கும் சேவைக்கும்தான். அதிகபட்சம் நூத்துக்கு முப்பது மார்க். அந்த முப்பதைப் போடவும் ஒரு கமிட்டி, கமிட்டியில ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேனா, பேனாவுக்கு ஒரு மூடி.

மகள்: கேரளாவுல மட்டும் எப்படிங்க நடந்தது? ஆள் இறங்காம பாதாளச் சாக்கடைக் குழியைச் சுத்தம் பண்ற பாண்டிகூட் ரோபோ. ஜென்ரோபோட்டிக்ஸ்னு இளவட்டங்க ஆரம்பிச்ச கம்பெனி. 2018-லயே திருவனந்தபுரத்துல இறக்கிட்டாங்க. கேரள நீர் ஆணையமும் ஸ்டார்ட்அப் மிஷனும் கூட நின்னாங்க. அங்கே ஒரு வரம்பு வரைக்கும் ஸ்டார்ட்அப்கிட்ட டெண்டர் இல்லாமலே வாங்கலாம். நம்ம தமிழ்நாட்டுலயும் விதியைத் திருத்தி அப்படி வழி விட்டிருக்காங்க.

பெரியப்பா: ஏன் அங்கே போறே? இங்கேயே, பாதுகாப்பு அமைச்சகத்துலயே நடந்திருக்கு. ஐடெக்ஸ்னு ஒரு திட்டம். 2018-ல நம்ம திருவிடந்தை ராணுவத் தளவாடக் கண்காட்சியிலதான் அறிவிச்சாங்க. ராணுவம் ‘இன்ன கருவி வேணும்’னு கேக்காது. ‘எங்களுக்கு இன்ன தொல்லை, தீர்வு இருந்தாச் சொல்லு’ன்னு கேக்கும். திட்டம் ஆரம்பிச்சப்ப ஜெயிச்சவனுக்கு ஒண்ணரைக் கோடி வரைக்கும் மானியம், அவனும் சரிபாதி போடணும். கருவி சோதனையில தேறினா மறுபடி ஊரறிய டெண்டர் விட வேண்டாம், வாங்கிக்கலாம்னு 2020 கொள்முதல் நடைமுறையில எழுதியே வச்சுட்டாங்க.

மகள்: பீரங்கி வாங்குறவங்களுக்கே முடியுது. பைப் வாங்குறவங்களுக்கு முடியாதுங்களா?

பெரியப்பா: அங்கே முடிவை விதியே எடுத்துருச்சு, அதிகாரி கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். இங்கே முடிவை அதிகாரி எடுக்கணும், விதி வேடிக்கை பார்க்கும். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் நான் ஒழுங்காச் சொன்ன வாக்கியம் இது, குறிச்சு வச்சுக்க.

மகள்: அமெரிக்காவுல 1982-லயே சட்டம் போட்டாங்க. பெரிய அரசுத் துறைங்க ஆராய்ச்சிப் பணத்துல ஒரு பங்கைச் சின்னக் கம்பெனிக்குக் குடுத்தே ஆகணும். குவால்காம் அந்தக் காசுல வளர்ந்த கம்பெனிதானுங்க. அந்தத் துறைங்களுக்கும் தணிக்கை உண்டே?

பெரியப்பா: உண்டு. ஒரு பங்கு இன்னின்னாருக்குன்னு ஒதுக்கியாச்சுன்னா, கொடுக்கலைன்னாத்தான் தணிக்கைக்காரன் கேப்பான். பயம் அதேதான், பார்க்கிற திசை மட்டும் மாறிடும். நம்ம ஊர்லயும் சிறு, குறு நிறுவனங்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதை நாற்காலி, ஃபைல் அட்டை, ஹவுஸ்கீப்பிங் வாங்கியே நிரப்பிடலாம். புதுசா ஒண்ணு வாங்கணும்னு அதுல ஒரு வரி கிடையாது.

மகள்: என்னதான் பண்ணச் சொல்றீங்க? கோயமுத்தூருக்குத் திரும்பிப் போயி பென்சில் செய்யட்டுங்களா?

பெரியப்பா: நொய்டாவுல எனக்குத் தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு இருக்கு. பதினஞ்சு வருஷமா மோட்டார் பம்பு விக்கிறான். விற்றுமுதல் இருக்கு, அனுபவம் இருக்கு. கசிவு எங்கேன்னு கண்டுபிடிக்க மட்டும் தெரியாது. உன் கருவியை அவன் பேர்ல டெண்டர்ல போடச் சொல்லு.

மகள்: அதே அரசாங்கம், அதே கருவி, விலை மட்டும் அவன் லாபத்தையும் சேர்த்து?

பெரியப்பா: பயத்துக்கும் ஒரு விலை உண்டில்ல? அந்த வித்தியாசம்தான் அது.

மகள்: எனக்கு அவன் எப்பப் பணம் குடுப்பான்?

பெரியப்பா: சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வச்சிருக்கியா? அப்ப 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள்ள.

மகள்: நிஜத்துலங்க?

பெரியப்பா: அரசாங்கம் அவனுக்குக் குடுத்த பிறகு.

மகள்: அரசாங்கம் குடுக்கலைன்னா?

பெரியப்பா: சமாதான்னு ஒரு தளம் 2017-ல ஆரம்பிச்சாங்க, பாக்கி வராதவங்க புகார் போடறதுக்குன்னே. தாராளமாப் போடலாம் கண்ணு, அதுக்கு மட்டும் முன் அனுபவம் கேக்க மாட்டாங்க.